கண்ணனும் தேவனும் காட்டிய வழி

குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒரு பகல் நடை. உச்சியில் கிடைக்கும் காட்சியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். முன்னால் நடக்கும் ஆளைப் பற்றிப் பேசுவதில்லை.

போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணிக்குச் செல்லும் சாலை பதினைந்து கி.மீ. சொச்சம். கொட்டகுடி ஆற்றை ஒட்டி வளைந்து வளைந்து போய், மலைச்சுவர் எதிரே வந்து நின்றதும் தோற்றுப்போனது போல முடிந்துவிடுகிறது. சுவரின் உச்சியில், அண்ணாந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில்தான் டாப் ஸ்டேஷன். ஆனால் காரில் போக வேண்டுமென்றால் போடிமெட்டு ஏறி, பூப்பாறை, தேவிகுளம், மூணாறு, மாட்டுப்பட்டி, குண்டளை என்று கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துக்குள் பெரிய வட்டம் அடிக்க வேண்டும். நடந்தால் பத்துப் பன்னிரண்டு கி.மீ. சுமார் ஆயிரம் மீட்டர் ஏற்றம். காலை ஏழு மணிக்குக் கால் வைத்தால், மூச்சும் முழங்காலும் ஒத்துழைத்தால், மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டி மேலே நிற்கலாம்.

இந்த நடைக்கு வருகிறவர்களில் பலவகை உண்டு. பெங்களூரிலிருந்து வரும் கம்ப்யூட்டர் இளைஞர்கள், மதுரைக் கல்லூரிகளின் மாணவர்கள், டாக்டர் நடக்கச் சொன்னதை மலையில் நிறைவேற்ற வந்த நடுவயதுக்காரர்கள். புத்தம்புது ஷூ, தோளில் கேமரா, பையில் பிஸ்கட் பாக்கெட்டுகள். வழிகாட்டி முதலில் பார்ப்பது இவற்றை அல்ல. ஒவ்வொருவரிடமும் எத்தனை லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்று பார்க்கிறார். தீப்பெட்டி, சிகரெட் லைட்டர் இருந்தால் வாங்கி வைத்துக்கொள்கிறார். அதன் பிறகுதான் தலைகளை எண்ணுகிறார். அந்த எண்ணிக்கையை வழியில் நாலைந்து முறையாவது மறுபடி எண்ணுவார், யாருக்கும் தெரியாமல்.

இந்த மலைத்தொடரில் வழிகாட்டி என்ற தொழிலுக்குக் குறைந்தது ஒன்றரை நூற்றாண்டு வயது. அதன் முதல் ஆட்கள் யார் என்பது தேயிலை வாங்கும் எல்லோருக்கும் தெரியும், தெரிந்திருக்கிறது என்பதுதான் தெரியாது. 1870களில் போடிப் பக்கமிருந்து வேட்டைக்கும் நிலம் தேடியும் ஏறிய ஆங்கிலேயர்களுக்குக் கண்ணன், தேவன் என்ற இரண்டு முதுவர் தலைவர்கள் வழிகாட்டினார்கள் என்பது மலையில் எல்லோரும் சொல்லும் வரலாறு. 1877-ல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து இந்த மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். மலைக்குக் கண்ணன் தேவன் மலை என்றே பெயர் விழுந்தது. 1897-ல் அதே பெயரில் கம்பெனி பிறந்தது. இன்றும் தேயிலைப் பாக்கெட்டில் அந்தப் பெயர் இருக்கிறது. வழிகாட்டிக்கு இதைவிடப் பெரிய நினைவுச் சின்னம் இந்தியாவில் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. நிலம் யாருக்குப் போயிற்று என்பது வேறு கணக்கு.

முதுவர்களின் சொந்தக் கதை இன்னும் பழையது. மதுரையிலிருந்து தங்கள் தெய்வத்தை முதுகில் சுமந்துகொண்டு மலையேறியவர்கள் தாங்கள், முதுகில் சுமந்ததால் முதுவர் என்பது அவர்கள் சொல்வது. தெய்வம் மீனாட்சி என்று சிலர், கண்ணகி என்று சிலர். சொல்லாராய்ச்சிக்காரர்கள் ஒப்புக்கொள்வார்களா என்பது சந்தேகம். ஆனால் அவர்கள் பேசுவது தமிழின் ஒரு வடிவம் என்பதில் சந்தேகமில்லை. மாநில எல்லை 1956-ல் வந்து குறுக்கே படுத்துக்கொண்டது. அதற்கு முன்னும் பின்னும் அவர்கள் ஒரே காட்டில்தான் நடக்கிறார்கள். இடுக்கிப் பக்கம் ஒரு குடி, தேனிப் பக்கம் ஒரு குடி. குரங்கணிக்கு மேலே இருக்கும் முதுவாக்குடி, பெயரிலேயே அவர்களை வைத்திருக்கிறது. இன்று இந்தப் பாதையில் முன்னால் நடக்கும் வழிகாட்டிகளில் முதுவர்களும் உண்டு, தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு.

அடிவாரத்தில் இலவ மரங்களும் மாமரங்களும். போடியின் இலவம் பஞ்சுக்கு மூலதனம் இந்தச் சரிவுதான். கொஞ்சம் ஏறியதும் காப்பி, அதன் நிழல் மரங்களில் சுற்றிக்கொண்ட மிளகு. இன்னும் ஏறினால் புல்வெளி. தேயிலை கடைசியில்தான் வரும். உயரம் எவ்வளவு என்று கருவி வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. எந்தப் பயிருக்குள் நடக்கிறோம் என்று பார்த்தாலே போதும். காலை எட்டு மணி வெயிலே முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. இது மழைமறைவுச் சரிவு. தென்மேற்குப் பருவமழை இடுக்கியை நனைத்துவிட்டு இந்தப் பக்கம் வெறுங்கையோடுதான் எட்டிப் பார்க்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்கு மழைதான் இங்கே புல்லை வளர்க்கிறது. ஆள் உயரம் வளர்கிற அந்தப் புல் ஜனவரியில் வெளுத்து, பிப்ரவரியில் சருகாகி, மார்ச்சில் வெடிமருந்தாகிவிடுகிறது.

மேலே போக இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாக டாப் ஸ்டேஷனுக்கு. இன்னொன்று இடது கைப் பக்கம் கொழுக்குமலைக்கு. உலகத்தின் மிக உயரமான தேயிலைத் தோட்டங்களில் ஒன்று என்று விளம்பரமாகும் கொழுக்குமலை, தேனி மாவட்டத்தில் இருந்தாலும் ஜீப்பில் போக இடுக்கியின் சூரியநெல்லி வழியாகத்தான் போக வேண்டும். நடைப் பிரியர்களுக்கு அது பெரிய ஆசை. இந்த இரண்டாவது வழியைப் பற்றிப் பேசும்போது குரங்கணியில் இன்றும் குரல் தணிகிறது.

2018 மார்ச் 10, சனிக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர் பகுதியிலிருந்து ஒரு குழு. சென்னைக் குழுவில் பெரும்பாலோர் பெண்கள். எல்லோரும் குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறினார்கள். இரவு அங்கே தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை இறங்கினார்கள். வழியில் காட்டுத் தீ. காய்ந்த புல்லில், காற்றோடு. முதல் நாளே ஒன்பது பேர் இறந்தது தெரியவந்தது. மதுரை ஆஸ்பத்திரியிலும் மற்ற இடங்களிலும் சிகிச்சை பலனின்றி ஒவ்வொருவராக இறக்க, எண்ணிக்கை 23 ஆயிற்று. இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்தவர்கள்தான் பெரும்பாலும். ஒரு வார இறுதி நடைக்காக வந்தவர்கள்.

விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. ஆனால் அவற்றுக்கு முன்னால் ஏறிப்போனவர்கள் கீழே இருந்த கிராமத்து ஆட்களும் மேலே இருந்த தோட்டத் தொழிலாளர்களும். போர்வையில் தூளி கட்டி, கருகியவர்களை இருட்டில் தோளில் தூக்கி இறக்கினார்கள். அந்த இறக்கத்தில் பகலில் வெறுங்கையோடு இறங்குவதே கஷ்டம்.

டாப் ஸ்டேஷன் பாதைக்குத்தான் அனுமதி பெறப்பட்டிருந்தது, கொழுக்குமலைக்கு அல்ல என்றது அரசு. விசாரணை அதிகாரியாக மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரி அதுல்ய மிஸ்ரா நியமிக்கப்பட்டார். வனத்துறையினர் மீது நடவடிக்கை, ஏற்பாட்டாளர்கள் மீது வழக்கு என்று செய்திகள் வந்தன. யார் குற்றம் என்ற விவாதத்தில் ஒரு சாதாரணக் கேள்வி அமுங்கிப்போனது: மார்ச் இரண்டாவது வாரத்தில், ஆள் உயரக் காய்ந்த புல்லுக்குள், மதியத்தில் ஒரு கூட்டத்தை நடத்திக்கொண்டு போகலாமா, கூடாதா? இதற்குச் சட்டப் புத்தகத்தில் விடை தேட வேண்டியதில்லை. புல்லின் நிறத்தைப் பார்த்தாலே சொல்லிவிடக்கூடியவர்கள் அந்த ஊரிலேயே இருந்தார்கள்.

தீயைப் பற்றி மலைக்காரர்களுக்குத் தெரிந்தது பௌதிகமும் ஒப்புக்கொள்கிற விஷயம். சமவெளியில் தீ பரவுவதைவிடச் சரிவில் மேல்நோக்கி வேகமாகப் பரவும். அனல் மேலே போய், இன்னும் எரியாத புல்லை முன்கூட்டியே காயவைத்து விடுகிறது. அது தவிர, பகலில் சூடேறிய சரிவில் காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசும்; மதியத்துக்கு மேல் அது வலுக்கும். ஆகவே கீழே புகை கண்டதும் மேலே ஓடுவதுதான் செய்யக்கூடாத காரியம். மனிதக் கால் சரிவில் தீயை முந்தாது. ஆனால் பயந்தவன் முதலில் செய்வது அதுதான். ஒதுங்க வேண்டிய இடம் ஏற்கெனவே எரிந்து கரிந்த தரை, இல்லாவிட்டால் புல் முளைக்காத பாறை, அல்லது ஓடைப் படுகை. இவை எங்கே இருக்கின்றன என்பது வழி நெடுக நினைவில் இருக்க வேண்டும். ஒரு நல்ல வழிகாட்டிக்கு இருக்கும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே நடந்தாலும் அவர் கண் பாறைகளை எண்ணிக்கொண்டு வருகிறது. வாடிக்கையாளருக்கு அவர் இயற்கையை ரசிப்பது போலத் தோன்றும்.

விபத்துக்குப் பின் மலையேற்றத்துக்குத் தடை வந்தது. தமிழக அரசு 2018-லேயே மலையேற்றத்தை முறைப்படுத்த விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, இணையத்தில் முன்பதிவு செய்யும் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. உள்ளூர் இளைஞர்களுக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக அமர்த்தியது. தீக்காலத்தில், பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, பாதைகளை மூடுகிறது. நல்ல ஏற்பாடு. தாமதமான ஏற்பாடு என்பதையும் சொல்ல வேண்டும். இடைப்பட்ட ஆண்டுகளில் பாதை மூடிக்கிடந்தபோது பட்டணத்து நடைக்காரர்கள் வேறு மலைக்குப் போனார்கள். குரங்கணி வழிகாட்டிகளுக்கு வேறு மலை கிடையாது.

இரண்டாவது வழியை இடதுபுறம் விட்டுவிட்டு ஏறினால் சென்ட்ரல் ஸ்டேஷன் வருகிறது. சென்னைக்காரர்கள் சிரிக்காமல் இருக்க முடியாத பெயர். ரயில் இல்லை, தண்டவாளம் இல்லை, பஸ்ஸே இல்லை. ஆனால் ஊர் பெயர் சென்ட்ரல் ஸ்டேஷன். கீழே பாட்டம் ஸ்டேஷன், மேலே டாப் ஸ்டேஷன், நடுவே சென்ட்ரல். மூன்றும் ஒரு கம்பிவடத்தின் நிலையங்கள்.

கதை இதுதான். மூணாறில் விளைந்த தேயிலையைக் கடலுக்குக் கொண்டுபோக அன்று மேற்குப் பக்கம் சரியான சாலை கிடையாது. வழி கிழக்கே, போடி பக்கம். 1902-ல் மூணாறிலிருந்து மலை விளிம்பு வரை ஒற்றைத் தண்டவாள வண்டி அமைத்தார்கள். இழுத்தவை மாடுகள். 1908-ல் அது இரண்டடி அகல ரயில் பாதையாக மாறியது. நீராவி எஞ்சின் மாட்டுப்பட்டி வழியாகத் தேயிலைப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வந்து மலை விளிம்பில் நிற்கும். அந்தக் கடைசி நிலையம் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து பெட்டிகள் ஆகாயக் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு ஐந்து கி.மீ. கீழே கொட்டகுடிக்கு இறங்கின. பிறகு மாட்டு வண்டி, போடி, கடைசியில் கப்பல், லண்டன். கீழே போனது தேயிலை. மேலே வந்தது அரிசியும் ஆட்களும். பாண்டி நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் திரட்டிய கூலிகள் போடி வழியாக இந்த மலைகளில் நடந்துதான் ஏறினார்கள். தேயிலைக்குக் கம்பிவடம், மனிதனுக்குக் கால் என்று அந்தக் காலத்துக் கம்பெனி பிரித்து வைத்திருந்தது.

1924 ஜூலையில் பெய்த மழை ரயிலை முடித்துவைத்தது. மலையாள ஆண்டு 1099 ஆனதால் கேரளத்தில் அதைத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்பார்கள். தண்டவாளங்களும் பாலங்களும் போயின. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலை யாரும் திரும்பப் போடவில்லை. இன்று மிஞ்சியிருப்பவை அங்கங்கே கட்டுமானச் சிதைவுகளும் மூன்று ஊர்ப் பெயர்களும்.

சென்ட்ரல் ஸ்டேஷனில் நிழல் இருக்கிறது. டீ கிடைக்கலாம். பயணிகள் ஷூவைக் கழற்றிக் கொப்புளம் பார்க்கும் நேரத்தில் ஊரைக் கவனித்தால் ஒரு விஷயம் தெரியும். இங்கே உள்ள ஒவ்வொரு பொருளும், சிமென்ட் மூட்டை முதல் ரேஷன் அரிசி வரை, யாரோ ஒருவருடைய தலையிலோ குதிரையின் முதுகிலோ ஏறி வந்தது. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரமும் குதிரை ஏறித்தான் வருகிறது. பத்திரிகைகள் அந்தப் போட்டோவை ஒவ்வொரு தேர்தலுக்கும் தவறாமல் போடுகின்றன. ஜனநாயகத்தின் வெற்றி என்று தலைப்பும் கொடுக்கின்றன. குதிரை இறங்கிப்போன பிறகு ஊருக்கு மறுபடி ஐந்து வருஷம் தனிமை.

குரங்கணியையும் டாப் ஸ்டேஷனையும் சாலையால் இணைக்க வேண்டும் என்பது இந்தப் பகுதி மக்களின் பல காலக் கோரிக்கை. காடு கெட்டுவிடும், யானைகளும் காட்டுமாடுகளும் போகும் வழி அறுந்துவிடும் என்று எதிர்ப்பவர்கள் சொல்வதும் உண்மை. நடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவது கட்சி. இருக்கிற அழகு இப்படியே இருக்கட்டும் என்கிறார்கள். அவர்களுக்கு இந்த ஏற்றம் வருஷத்தில் ஒரு நாள். பிரசவ வலி வந்த பெண்ணுக்கும் நெஞ்சுவலி வந்த பெரியவருக்கும் இதே பாதைதான் ஆஸ்பத்திரி சாலை என்பதை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. சாலை போடுவதா வேண்டாமா என்பது எளிதான கேள்வி அல்ல. அதற்குப் பதில் சொல்லும் உரிமை ஒரு நாள் விருந்தாளிக்கு எவ்வளவு என்பது அவ்வளவு கடினமான கேள்வி அல்ல.

இது குரங்கணியின் தனிப் பிரச்சினையும் அல்ல. மூணாறுக்கு அந்தப் பக்கம் காட்டுக்குள் இருக்கும் இடமலக்குடி 2010-ல் கேரளத்தின் முதல் பழங்குடி கிராமப் பஞ்சாயத்தானது. முதுவர்களின் குடிகள் மட்டுமே கொண்ட பஞ்சாயத்து. அது பிறந்த பிறகும் பல ஆண்டுகள் அங்கே நோயாளிகளை மூங்கில் கழியில் கட்டிய கம்பளியில் தூக்கிக்கொண்டு பெட்டிமுடி வரை நடந்தார்கள்.

வடக்கே பாலக்காட்டு எல்லையில் இன்னும் விசித்திரம். பரம்பிக்குளம் புலிகள் காப்பகம் கேரளத்தில் இருக்கிறது. காரில் போக வேண்டுமானால் தமிழ்நாட்டின் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான் போக முடியும். அங்குள்ள அணைகளை இயக்குவது தமிழ்நாடு, தண்ணீர் போவது கோவை, திருப்பூர் வயல்களுக்கு. காட்டு நடைக்கு வழிகாட்டுகிறவர்கள் காடர், மலசர், மலை மலசர், முதுவர். ஏழு மீட்டர் சுற்றளவுள்ள கன்னிமாரா தேக்கைக் காட்டி, அதை வெட்ட முயன்றபோது ரத்தம் வடிந்ததாகச் சொல்லப்படும் கதையைச் சொல்லிவிட்டு வருகிறார்கள். அதே காட்டுக்குள் தேக்கடி என்று ஒரு குடியிருப்பு. பெரியாறு அணைத் தேக்கடி அல்ல, பாலக்காட்டுத் தேக்கடி. அங்குள்ளவர்கள் தங்கள் சொந்தப் பஞ்சாயத்து அலுவலகமான முதலமடைக்குப் போகவே தமிழ்நாட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. கொரோனாவில் எல்லை அடைபட்டதும் அந்தச் சுற்றுவழியும் போயிற்று. 2020-ல் அவர்களே கத்தியும் மண்வெட்டியும் எடுத்துச் செம்மணாம்பதிப் பக்கம் காட்டுவழியை வெட்டத் தொடங்கினார்கள். பயணிகளுக்கு வழிகாட்டிப் பழகிய சமூகம் தனக்கு வழி வேண்டி அரசுக்கு எதிரே நிற்க வேண்டியதாயிற்று.

வழிகாட்டியின் அறிவை அரசு மதித்ததற்கும் இடுக்கியில் உதாரணம் உண்டு. பெரியாறு புலிகள் காப்பகத்தில் 1990களின் பிற்பகுதி வரை வயணப் பட்டையை உரித்துக் கடத்துவதையே தொழிலாகக் கொண்டிருந்த ஒரு கூட்டம் இருந்தது. காட்டின் ஒவ்வொரு மடிப்பும் அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் பிடிக்க முடியவில்லை. உலக வங்கி உதவியோடு நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்போது வனத்துறை அவர்களோடு பேசியது. பட்டை உரித்தவர்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள். பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துப்போவது அவர்கள் வேலையாயிற்று. அழைத்துப்போகிற சாக்கில் காட்டுக்குக் காவலும் ஆயிற்று. திருடனைக் காவல்காரனாக்கிய கதை என்று எழுதினால் சுவையாக இருக்கும், ஆனால் முழு உண்மை ஆகாது. அவர்களிடம் இருந்த ஒரே மூலதனம் காட்டைப் பற்றிய அறிவு. அதற்கு அதுவரை கள்ளச் சந்தையில் மட்டும்தான் விலை இருந்தது.

சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு மேலே ஏற்றம் செங்குத்தாகிறது. பேச்சு நின்றுபோகிறது. ஜூன் முதல் மழை மாதங்களில் ஈரமான சோலைத் துண்டுகளில் அட்டை ஏறும். புகையிலையும் உப்பும்தான் இங்கே மருந்து. சாணத்தைப் பார்த்து வழிகாட்டி நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும். யானை முந்திய இரவு போனதா, இப்போதுதான் போனதா என்பதை அதன் சூட்டிலும் ஈரத்திலும் பார்த்துச் சொல்கிறார். சில நாட்களில் திரும்பிவிடலாம் என்பார். அப்போது முணுமுணுப்பு எழும். முழுக் கட்டணம் கொடுத்தாயிற்றே என்பார்கள். 2018-க்குப் பிறகும் அந்த முணுமுணுப்பு எழத்தான் செய்கிறது.

கடைசியில் தேயிலை. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பச்சைக் கம்பளம், குளிர்க்காற்று, கேரட்டும் சோளக்கதிரும் விற்கும் கடைகள். மூணாறிலிருந்து ஜீப்பில் வந்த கூட்டம் ஏற்கெனவே பார்வை முனையில் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும். கடல் மட்டத்துக்கு மேலே 1,700 மீட்டருக்கும் அதிகம். இடுக்கியும் தேனியும் முட்டிக்கொள்ளும் விளிம்பு. மேகம் விலகினால் கீழே போடிப் பள்ளத்தாக்கு முழுவதும் விரித்துப் போட்ட வரைபடம். தெற்கே கொழுக்குமலை விளிம்பு, அதன் பின்னால் 2,640 மீட்டர் உயர மீசைப்புலிமலை. ஆனைமுடிக்கு அடுத்தபடியாகத் தென்னிந்தியாவின் உயர்ந்த சிகரம் அது. ஜீப்பில் வந்தவர்களுக்கு இது ஒரு காட்சி. நடந்து வந்தவர்களுக்கு அதில் தாங்கள் ஏறிவந்த ஒவ்வொரு மேடும் தெரிகிறது. காலையில் தண்ணீர் பிடித்த இடம், நிழல் இல்லாத அந்த நீண்ட புல்சரிவு, சென்ட்ரல் ஸ்டேஷனின் தகரக் கூரைகள். வழிகாட்டி கடைசி முறையாகத் தலைகளை எண்ணுவது இங்கேதான்.

சாலை இங்கிருந்து வட்டவடைக்குப் போகிறது. பூண்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய, தமிழ் பேசும் காய்கறிக் கிராமங்கள். அதை ஒட்டி 2006-ல் அறிவிக்கப்பட்ட குறிஞ்சிமலைச் சரணாலயம். சங்கப் புலவர்கள் மலைக்கு வைத்த பெயருக்குச் சொந்தக்காரியான பூ, பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நீலம் விரிக்கும் இடம். 2006-ல் பூத்தது. 2018-ல் பூத்தபோது எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. மார்ச்சில் தீ கிழக்குச் சரிவை எரித்தது, ஆகஸ்டில் பெருவெள்ளம் மேற்குச் சரிவைச் சரித்து மூணாறைத் துண்டித்தது. இரண்டையும் ஒரே வருஷத்தில் பார்த்த மலைக்காரர்களிடம் குறிஞ்சி பூத்த ஆண்டு நல்ல ஆண்டா என்று கேட்பது வீண்.

போக நினைக்கிறவர்களுக்கு: டிசம்பர் கடைசியும் ஜனவரியும் உத்தமம், மழை ஓய்ந்திருக்கும், புல் முழுக்கக் காய்ந்திருக்காது. எந்தப் பாதை திறந்திருக்கிறது, எந்த ஊர் வரை அனுமதி என்பதை வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிய பாதையை நடுவில் மாற்றக்கூடாது. போடிக்குச் சென்னையிலிருந்து நேரடி ரயில் 2023 ஜூன் முதல் வருகிறது. 1928-ல் வந்த மீட்டர் கேஜ் பாதையை அகலப்படுத்துவதற்காக 2010-ல் மூடியிருந்தார்கள். வழிகாட்டியின் கூலி அனுமதிக் கட்டணத்தில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்பது நல்லது, சேர்ந்திருந்தாலும் அவர் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு பொட்டலம் கூடுதலாக எடுத்துப்போவது இன்னும் நல்லது. குறிஞ்சி அடுத்து பூக்க வேண்டியது 2030-ல். கூட்டம் இரண்டு மாநிலங்களிலிருந்தும் ஏறும். அதற்குள் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு ஒரு ஆம்புலன்ஸ் ஏறுமா என்பதுதான் அந்த ஊர்க்காரர்கள் போட்டுக்கொண்டிருக்கும் கணக்கு.